சுவரோடு ஒட்டிய வீடு

ராயபுரத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கிடங்கு ஒன்று இருக்கிறது. பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று அறிவித்திருந்ததால், அதன் விரிசல்களைப் பார்த்து அறிக்கை எழுதப் பொறியாளரான என்னை அனுப்பினார்கள். கிடங்கின் பின்சுவரோடு ஒட்டிய ஒற்றை அறை வீட்டு வாசலில்தான் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு, வாரி முடியாத தலை. பேசும்போதும் துணி மடிக்கும்போதும் இடையிடையே ஒரு கையைச் சுவரில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தெருவில் கன்டெய்னர் லாரி ஒன்று போனது. சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. அவள் உள்ளே பாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை வாரிக்கொண்டு வெளியே வந்தாள்.

“வேற வீடு பார்க்கக் கூடாதாம்மா?” என்று கேட்டேன்.

“பழைய செவுரு, பக்கத்துல எத்தையும் இடிக்கக் கூடாதுன்னுதான் எங்கள வுட்டு வெச்சிகீறாங்கோ சார். இது வுழுந்தா எங்களத் தூக்கி எங்கியோ போட்டுடுவாங்கோ. என் பொழப்பு ஹார்பர்ல கீது.”

“நாளைக்கே விழுந்தா?”

“பாப்பாவ எதுத்த வூட்டுல வுட்டுர்றேன். நான் உள்ளதான் இருப்பேன். காலியா கீதுன்னு தெரிஞ்சா பூட்டிடுவாங்கோ.”

சொன்னபடியே குழந்தையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

சுவருக்கு உடனே முட்டுக் கொடுக்க வேண்டும், ஒட்டியுள்ள வீடுகளை அகற்ற வேண்டாம் என்று எழுதினேன். சில நாளில் அந்த வேலைக்குப் போன மேஸ்திரி போன் செய்தார்.

“சார், இரும்புத் தூண் நடறதுக்கு வாசல அடைச்சோம். அந்த வூட்டுப் பொண்ணு ஜன்னல் வழியா பூந்து உள்ள உக்காந்துகினு கீது. இன்னா பண்றது?”

வாசலை விட்டுக் கொஞ்சம் தள்ளி நடச் சொன்னேன். ராயபுரத்தில் மழை என்று கேட்டால் இன்னும் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.