முதுகில் முகமுள்ள பூச்சி

பூச்சியின் இறகுப்பொடி விரலில் ஒட்டிவிட்டால் சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. சாரல் காலம் முழுக்க என் விரல்நுனியும் தம்பியின் மூக்கும் பழுப்பாக மினுங்கிக்கொண்டே இருக்கும். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற சாலையோரம் எங்கள் வாடகை வீடு. வாசலில் எரிந்த குண்டு பல்பைத் தேடி மலையிலிருந்து இறங்கி வந்த பூச்சிகள், விடிந்ததும் ஈரச் சுவரில் அப்பிக்கொண்டு கிடக்கும். அவற்றுக்குப் பெயர் வைப்பதுதான் எங்களுக்கு வேலை. சிறகோரத்தில் பாம்பு தலை தூக்கியது போலிருந்த பெரியது "பாம்புராசா", பச்சையாய் நீள வால் விட்டது "ரிப்பன்காரி", சருகாய்க் கிடந்து தொட்டதும் பறப்பது "கள்ளன்". பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் அத்தனையையும் "அந்துப்பூச்சி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அந்த டீச்சர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

வாப்பா வளைகுடாவில் இருந்தார். கட்டட வேலைக்கென்று போனவர், முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஆட்டிவைத்ததால் அங்கிருந்து ஓடி, கையில் எந்த அத்தாட்சியும் இல்லாமல் வேறெங்கோ வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தவறாமல் போன் பண்ணுவார். அந்த வருடக் கோடையில் போன் நின்றது. "ஒளிஞ்சி இருக்குத மனுசன், தோதுப்பட்டாத்தானே பேசுவாரு" என்று உம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, சொல்லிக்கொண்டே இருந்தார். உம்மா குளிக்கப் போகும்போதும் செல்போனை எடுத்துக்கொண்டு போவாள்.

சாரல் பிடித்த ஒரு காலையில் புதிய பூச்சி ஒன்று வந்திருந்தது. தடித்த உடம்பு, மஞ்சள் வயிறு, முதுகில் இரண்டு கண்ணும் வாயுமாய் வெளுத்த ஒரு முகம். தம்பி தொட்டதும் அது கீச்சென்று கத்தியது. பூச்சி கத்தி அதுவரை நாங்கள் கேட்டதில்லை; அவன் அலறிக்கொண்டு உம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டான். உம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "பயப்படாதிய. வாப்பா மொகம்லா இது, சலாம் சொல்லுது. வாப்பா வருதாருன்னு அர்த்தம்" என்றாள். அன்றைக்குத் தலைநிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு தேங்காய்ச்சோறு ஆக்கினாள். தேன் தொட்டு வைத்துப் பார்த்தும் பூச்சி அந்த வாரமே செத்துப்போனது.

ஐப்பசி மழையில் சேதி வந்தது. வாப்பா கோடையிலேயே, வெயிலில் வேலைசெய்து கொண்டிருக்கும்போது விழுந்து இறந்திருக்கிறார். யாரென்று தெரியாத உடம்பாக ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் கிடந்து, ஊர்க்காரர் ஒருவர் தற்செயலாகப் பார்த்து அடையாளம் சொன்ன பிறகு அங்கேயே அடக்கியிருக்கிறார்கள்.

அதைவிட எனக்கு ஆறாதது அடுத்து நடந்ததுதான். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதத்துக்கு மேல் பூவும் நகையும் இல்லாமல், வெளியே வராமல் "இத்தா" இருக்க வேண்டும். மாமா பள்ளிவாசல் ஹஜரத்திடம் கேட்டுவிட்டு வந்து, உள்ளே நுழையாமல் வாசலில் நின்றே சொன்னார்: "இத்தாவ சேதி வந்த நாள்லேருந்து இல்ல, மௌத்தான நாள்லேருந்துதான் கணக்கு வைக்கணுமாம். அது முடிஞ்சிபோச்சும்மா. நீ இருக்க வேண்டியதில்ல." தேங்காய்ச்சோறு ஆக்கிய அன்றைக்கே உம்மா கைம்பெண். அழுவதற்கென்று அவளுக்கிருந்த நாட்களெல்லாம் அவளுக்குத் தெரியாமலே கழிந்துபோயிருந்தன. மறுநாள் காலையில் எழுந்து எங்களுக்குப் பள்ளிக்கூடச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

இப்போது அந்தச் சாலை நெடுக லாட்ஜுகள். வெள்ளை விளக்குகள் பகல்போல் எரிகின்றன, சுவரில் ஒரு பூச்சியைக் காணோம். விளக்கு காரணமா, வயலுக்கு அடிக்கிற மருந்து காரணமா, எனக்குத் தெரியவில்லை. போன மாதம் என் மகள் கைபேசியில் பூச்சிப் படங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த முகம் வந்தது. மண்டையோட்டுப் பூச்சி என்றுதான் உலகம் முழுக்க அதற்குப் பெயராம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த உம்மாவிடம் தயங்கித் தயங்கிக் காட்டினேன்.

"மண்ட ஓடுதான். அன்னைக்குப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிபோச்சு" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னியள்லா, வேற என்னத்தச் சொல்ல? பூவும் ஒங்களுக்காவத்தான் வச்சது."