சைத்தூன் எண்ணெய்க்காரி ஜெமீலா

ஏறாவூரில் ஜெமீலாவின் வீட்டைத் தேடி வருகிறவர்களுக்கு இலக்கம் தேவையில்லை. "சைத்தூன் எண்ணெய் போடுற ராத்தா வீடு எது?" என்று கேட்டால் சந்தியில் நிற்கிற ஓட்டோக்காரரே கையைக் காட்டுவார். கலியாணம் வைத்த வீடுகளிலிருந்து பெண்கள் வருவார்கள். பிள்ளை பெற்று முடி கொட்டுகிறவர்கள் வருவார்கள். கொழும்புக்குப் போய்ச் சூட்டுக் கம்பியால் முடியை நீட்டிவிட்டு, அது வைக்கோலாகிப் போச்சென்று அழுதுகொண்டு வருகிறவர்களும் உண்டு.

குவைத்தில் ஏழு வருஷம் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றபோது பழகிய கைவேலை அது. வீட்டுக்காரியின் தலைக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் சைத்தூன், அதாவது ஒலிவ் எண்ணெய் வைக்க வேண்டும். எண்ணெயை நெருப்பில் காட்டக்கூடாது. சுடுதண்ணீருக்குள் கோப்பையை இறக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் இதமாக இருக்கிற பதத்தில் எடுக்க வேண்டும். வகிடு வகிடாகப் பிரித்து, நகம் படாமல் விரல் நுனியால் உச்சியிலிருந்து பிடரி வரை தேய்த்து, வெந்நீரில் பிழிந்த துவாயைச் சுற்றி முக்கால் மணித்தியாலம் விட வேண்டும். ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது பெண்கள் சிரித்தார்கள்.

"தேங்கா காய்க்கிற ஊரில ஆரும் அரபிக்காரன்ட எண்ணெய வாங்குவாங்களா?"

ஒலிவ் எண்ணெய் என்றால் அவர்களுக்கு மருந்துக்கடையில் விற்கிற, கைக்குழந்தைக்குப் பூசுகிற சின்னப் போத்தல்தான். அந்தச் சிரிப்பு சுனாமியோடு நின்றது.

அலை அடித்து மூன்றாம் நாள், தெருவார் சமைத்த சோற்றுப் பார்சல்களோடு ஜெமீலாவும் லொறியில் ஏறி மட்டக்களப்பில் ஒரு முகாமுக்குப் போனாள். பள்ளிக்கூடக் கட்டடம். வகுப்பறை மூலையில் ஒரு பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல். கடற்கரையோர நாவலடியாள், பெயர் அன்னப்பூரணி. புருஷனையும் ஒன்றரை வயது மகனையும் கடல் கொண்டுபோயிருந்தது. பதின்மூன்று வயது மகள் லீவுக்குச் செங்கலடியில் சித்தி வீட்டில் நின்றதால் தப்பினாள். அன்னப்பூரணியைக் காப்பாற்றியது அவளுடைய முடி. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி முட்கம்பி வேலியில் சுற்றிக்கொண்டு, வாவிக்குள் இழுபடாமல் அவளைப் பிடித்து வைத்திருந்தது. கம்பியை வெட்டித்தான் ஆளை எடுத்தார்களாம். இப்போது சேறும் மணலும் கம்பித் துண்டுகளுமாக அந்த முடி குளவிக்கூடு மாதிரிப் பிடரியில் இறுகிக் கிடந்தது. கத்தரிக்கோலோடு வந்த நேர்ஸின் கையை அவள் கடித்திருந்தாள்.

"வெட்டாம எடுக்கலாம்," என்றாள் ஜெமீலா.

மறுநாள் வீட்டிலிருந்த எண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றையும் கொண்டுபோனாள். எண்ணெயில் ஊறவைத்து, நுனியிலிருந்து மேலே, ஒரு நாளைக்கு ஒரு சாண். மூன்று நாளும் அன்னம் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் சிக்கின் நடுவில் ஜெமீலாவின் விரலில் கம்பி மாதிரி ஏதோ தட்டியது. மெல்ல உருவினாள். கறுப்பு மணி கோத்த காப்பு. சின்னப் பிள்ளையின் கைக்கு அளவானது. உடையாமல் அப்படியே இருந்தது.

ஒளித்துவிடலாமா என்று ஜெமீலா நினைக்கும் முன்னே அன்னம் திரும்பிவிட்டாள். காப்பைப் பார்த்தாள். வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"நான் கைய விட்டுட்டன் எண்டு நினைச்சன்," என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் பேச்சு. "அவன் விடல்லக்கா. என்ட முடியப் புடிச்சுக்கொண்டு இருந்திருக்கான்."

பிறகு அவள் போட்ட சத்தத்துக்கு முகாம் முழுவதும் எழும்பி நின்றது.

அன்றிலிருந்து அன்னத்துக்கு ஜெமீலாக்கா, ஜெமீலாவுக்கு அன்னம். தன்னாமுனையில் சொந்தக்காரரின் வளவில் குடிசை போட்டுக்கொண்ட அன்னம் மாதம் ஒருமுறை பஸ்ஸில் வருவாள். காசு கொடுத்தால் ஜெமீலா வாங்கமாட்டாள். முருங்கைக்காய் கொண்டுவந்தால் வாங்குவாள். கடல் பக்கமே தலைவைக்காத அன்னம், அடுத்த வருஷம் மகள் யசோதினியை வன்னியில் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். "அங்க கடல் இல்லக்கா. காடும் வயலும்தான். அவளாவது மிஞ்சட்டும்." அனுப்பிய கொஞ்சக் காலத்திலே சண்டை தொடங்கியது. பாதை பூட்டப்பட்டது. பிறகு கடிதமும் நின்றது.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு, சண்டை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல். ஒரு காலையில் அன்னம் ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். பிள்ளை தலையில் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றியிருந்தது.

"என்ட மகள்க்கா. வந்துட்டாள்."

ஜெமீலா அவளைக் கட்டிக்கொண்டாள். துப்பட்டாவை அவிழ்த்தபோது கை தயங்கியது. முடி கழுத்தைக்கூடத் தொடவில்லை. காய்ந்து, நுனி வெடித்து, அங்கங்கே திட்டுத் திட்டாகக் கொட்டியிருந்தது.

"நெருப்புக் காய்ச்சல் வந்து கொட்டினது," என்றாள் அன்னம் வேகமாக. "எண்ணெயப் போட்டு வளத்துத் தாங்கக்கா. மாப்பிள்ள ஒண்டு பேசி வருது."

யசோதினி கதிரையில் இருந்தாள். ஜெமீலா எண்ணெயைப் பதம் பார்த்து, உச்சியில் விட்டு, விரல்களை இறக்கினாள். நெற்றி, காதோரம், பிறகு பின்மண்டை. இடது காதுக்குப் பின்னால் விரல் நின்றது. தோலுக்கு அடியில் கெட்டியாக, ஒரு பக்கம் கூராக ஏதோ இருந்தது. அழுத்தியபோது அது நகர்ந்தது. பிள்ளை பல்லைக் கடித்தாள்.

"என்னகா இது?" ஜெமீலா அன்னத்தின் பக்கம் திரும்பினாள்.

"அது சின்னனில கட்டிலால விழுந்து..." அன்னம் சேலைத் தலைப்பைப் பிசைந்தாள்.

"காணும்மா, பொய் வேணாம்," என்றாள் யசோதினி. திரும்பாமல், எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "ஷெல் துண்டு அன்ரி. காய்ச்சலும் இல்ல, ஒண்டும் இல்ல. நான் இயக்கத்தில இருந்தன். முப்பத்தாறு நாள். முதல் நாளே முடிய வெட்டிட்டாங்க. பிறகு வளந்ததெல்லாம் முறிஞ்சு கொட்டிட்டு. அரசாங்கத்துப் புனர்வாழ்வு முகாமால விட்டு ரெண்டு கிழமைதான்."

ஜெமீலா கையை எடுத்துவிட்டாள். நெருப்பைத் தொட்டவள் மாதிரி எடுத்தாள். எண்ணெய் விரல்களிலிருந்து சீமெந்துத் தரையில் சொட்டியது.

இயக்கம் என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் யாரும் உரக்கச் சொல்வதில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆகஸ்டில் இயக்கம் ஊருக்குள் புகுந்தபோது, இதே வளவின் முற்றத்தில்தான் அவளுடைய தம்பி பதியுதீனை வெட்டினார்கள். பதினேழு வயது. கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த ஜெமீலா, முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த முற்றத்தில் நிற்க முடியாமல்தான் குவைத்துக்குப் போனாள்.

குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்தாள். தண்ணீர் ஓடியது, எண்ணெய் போகவில்லை. சவுக்காரம் போட்டாள். முழங்கை வரை தேய்த்தாள். "எழும்பிப் போங்க" என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லத்தான் திரும்பி வந்தாள்.

யசோதினி அதே கதிரையில் இருந்தாள். எண்ணெய் கழுத்தால் வழிந்து சட்டையை நனைத்திருந்தது. துடைக்கவில்லை. தோள் இரண்டையும் ஒடுக்கி, தலையைக் குனிந்து, அடி எந்தப் பக்கமிருந்து விழும் என்று காத்திருக்கிற பிள்ளை மாதிரி இருந்தாள்.

ஜெமீலா சொல்ல வந்தது வரவில்லை. "ஏன் புள்ள போன?" என்றுதான் வந்தது.

"போகல்ல அன்ரி. பங்கருக்குள்ள இருந்த எங்கள இயக்கக்காரங்கதான் இழுத்தெடுத்தாங்க. மறிச்ச மாமாவுக்குத் துவக்கால அடி. மாமா அதோட எழும்பல்ல."

அன்னம் சுவரோடு சரிந்து தரையில் இருந்துவிட்டாள். "கடல் எடுத்திரும் எண்டுதானேக்கா அங்க அனுப்பினன். கடைசியாச் சண்டை கொண்டுபோய்ப் போட்டது கடற்கரையிலயாம். இவள் காயப்பட்டுக் கிடந்தது மணலிலயாம்." சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பொய் சொன்னன்தான். உங்களிட்டச் சொன்னா என்ன? நீங்க என்ன நினைக்கப் போறீங்க?"

அப்போதுதான் ஜெமீலா சொன்னாள். தம்பியின் பெயர், வயது, முற்றம், கோழிக்கூடு. கத்தவில்லை. யாரோ ஒருவருடைய கதை மாதிரி நாலு வசனத்தில் சொன்னாள்.

யசோதினி முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆறு வருஷம்," என்றாள் அன்னம் ஒருவழியாக. "ஒரு நாள் சொல்லல்லியே?"

"எந்த நாள் சொல்றகா? உன்ட தலையில கம்பி எடுத்த நாளா?"

வெளியே மீன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான்.

பிறகு ஜெமீலா துவாயை எடுத்துப் பிள்ளையின் கழுத்தைத் துடைத்தாள். "இதுக்கு மேல நான் தேய்க்க ஏலா. அந்தத் துண்டு நகருது. டொக்டரிட்டக் காட்டணும்." அன்னம் பதறினாள். டொக்டர் கேள்வி கேட்பார், எழுதுவார், திரும்பவும் பிடிப்பார்கள். ஜெமீலா உள்ளே போனாள். அபாயாவை மாட்டிக்கொண்டு வந்து ஓட்டோவைக் கூப்பிட்டாள்.

செங்கலடியில் தனியாக மருந்து கொடுக்கிற வயதான டொக்டர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதம் இது ஐந்தாவது தலை என்று மட்டும் சொன்னார். விறைப்பூசி போட்டு, முடியைக் கொஞ்சம் வழித்து, கீறி எடுத்தார். புளியங்கொட்டை அளவு இரும்பு. எலும்பைத் தாண்டவில்லை என்றார். வெளியே வந்த பிறகுதான், பிள்ளையின் கையைத் தான் பிடித்துக்கொண்டிருப்பதை ஜெமீலா கண்டாள். எப்போது பிடித்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. விடவும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அன்னம் ஏறாவூர்ப் பக்கமே வரவில்லை. வெட்கம். யசோதினிதான் தனியாக வருவாள், ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகளில். பேசிவந்த மாப்பிள்ளை வீட்டார் விஷயம் தெரிந்து விலகிவிட்டார்கள் என்பதை ஒரு வசனத்தில் சொன்னாள். ஜெமீலாவும் அதிகம் கேட்பதில்லை. சில நாட்களில் அந்தத் தலையைத் தொட்டதும் ஜெமீலாவின் கை விறைத்துவிடும். அப்போது கோப்பையில் எண்ணெய் ஆறிவிட்டதாகச் சொல்லிக் குசினிக்குள் போய், மூச்சை விட்டுவிட்டு வருவாள்.

"அன்ரி, காயம் பட்ட இடத்திலயும் முடி வருமா?" என்று ஒருநாள் பிள்ளை கேட்டாள்.

வேறு யாராவது கேட்டிருந்தால் ஜெமீலா வரும் என்றுதான் சொல்லியிருப்பாள். "வராது மகள். தழும்பில முடி முளைக்காது. எண்ணெய் ஒண்டையும் முளைக்க வைக்கிறதில்ல. இரிக்கிற முடி முறியாமப் பாத்துக்கும், அவ்வளவுதான்."

யசோதினி அழவில்லை. "அப்ப வகிட்ட மற்றப் பக்கம் எடுங்க," என்றாள்.

பதினொரு மாதம் கழித்து, நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமையில், படலைக்கு வெளியே அன்னம் நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கும் வரவில்லை. கையில் முருங்கைக்காயும் இல்லை. முற்றத்தைப் பார்க்காமல் ஜெமீலாவின் முகத்தையே பார்த்தாள்.

"உங்கட தம்பிய எங்கக்கா அடக்கியிருக்கு?"

இத்தனை வருஷத்தில் வாவிக்கு அந்தப் பக்கத்தார், இந்தப் பக்கத்தார், எந்தத் தமிழ் ஆளும் ஜெமீலாவிடம் கேட்டிராத கேள்வி. சொந்தத்திலேகூட இப்போது யாரும் கேட்பதில்லை. ஜெமீலா செருப்பைத் தேடினாள்; ஒன்றுதான் அகப்பட்டது, மற்றதைக் கதிரைக்கு அடியில் குனிந்து எடுக்க வேண்டியிருந்தது.

மையவாடிக்குள், அடக்கம் செய்கிற நிலத்துக்குள், பெண்கள் போகிற வழக்கம் அவர்கள் ஊரில் இல்லை. வெயிலில் நடந்துபோய், இரண்டு பேரும் மதிலுக்கு வெளியே நின்றார்கள். எந்தப் பக்கம் என்று ஜெமீலா கையால் காட்டினாள். அன்னம் செருப்பைக் கழற்றினாள்.