வடம் ஆடினால் மட்டும்

என் அக்காள் புருஷன் வேதாச்சலத்தைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. அவர் செய்த தொழிலோ, கிணற்றுப் பாறைக்கு வெடி வைப்பது. புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் பல கொல்லைகளில் அவர் வெடிதான் தண்ணீரைக் காட்டியது. ஆனாலும் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவருக்கு வாய் உலர்ந்துவிடும். அவர் வீடு திரும்பும்வரை கமலம்மா அக்காள் அடுப்பே மூட்ட மாட்டாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு பலகையில் உட்கார்ந்துதான் அவர் கிணற்றுக்குள் இறங்குவார். பலகையைக் கட்டிய வடம் கப்பி வழியாக மேலே ஒரு ஜோடி மாட்டுக்குப் போகும். கீழே திரிகளைப் பற்றவைத்துவிட்டு, பலகையில் ஏறி வடத்தை ஆட்டுவார். மேலே நிற்பவன் மாட்டை ஓட்ட வேண்டும். திரி எரிந்து முடிவதற்குள் அவர் வெளியே வந்தாக வேண்டும்.

முன்பு மாடு ஓட்டியவன் நாராயணசாமி, நெருங்கிய சொந்தம், தங்கமான பையன். ஒருநாள் பக்கத்துக் கொல்லையில் யாரோ "ஓட்டு, ஓட்டு" என்று கத்தியதைக் கேட்டு மாட்டைக் கிளப்பிவிட்டான். வெறும் பலகை மேலே வந்தது. கீழே எரியும் திரிகளோடு நின்ற மாமா, அவற்றை உள்ளங்கையால் நசுக்கி அணைத்துத் தப்பித்தார். அந்தக் கை அப்புறம் சரியாக மூடவே இல்லை.

அன்றிலிருந்து ஒரே சட்டம்தான். "வடம் ஆடினா மட்டும் மாடு நவுரணும். நானே கீழேந்து கத்தினாலும் நவுரக் கூடாது."

நாராயணசாமியை நிறுத்திவிட்டுப் புது ஆள் தேடினார். வருகிறவனைக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லி, "பயமா கீதா?" என்று கேட்பார். நானும் போய் நின்றேன். "எனக்கு இன்னா மாமா பயம்?" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். என் கையில் ஒரு சிவப்புத் துணியைக் கொடுத்து, வெடி நேரத்தில் ஆட்கள் வராமல் தடுக்கும்படி பாதையில் நிறுத்திவிட்டார்.

காளஹஸ்திப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்த வெங்கடசாமி எட்டிப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டான். "பயங்கா உந்தி, மேஸ்திரி" என்று தெலுங்கில் பயம் இருப்பதை ஒத்துக்கொண்டான். பல் கிட்டிக்கொண்டது. அவனைத்தான் மாமா வேலைக்கு வைத்தார்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். அக்காள் அழுதாள். "ஊரே அடிச்சிக்கினு கீது, நீங்க தெலுங்குக்காரன் கையில உசுர குடுக்கறீங்களே!"

முதலில் ஆளுக்குப் பதில் பலகையில் கல் வைத்துத்தான் பழக்கினார். வெங்கடசாமி வடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பான். நான் அவன் பின்னால் பட்டாசு கொளுத்த வேண்டும், கண்டபடி கத்த வேண்டும். ஒருமுறை பட்டாசுச் சத்தத்தில் பதறி மாட்டை ஓட்டிவிட்டான். மாமா அப்போது அங்கே இல்லை. நான் மறைத்துவிடலாம் என்றேன். அவனோ தேடிப்போய்ச் சொன்னான்: "மேஸ்திரி, நீங்க உள்ள இருந்திருந்தா செத்துப்போயிருப்பீங்க." மாமா திட்டவில்லை. "வந்து சொன்னியே, அது போதும்" என்றார். அப்புறம் திரி வைக்கவும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தார்.

எங்கள் ஊர்க் கிணற்றில் வெடி வைத்த அன்று, எல்லையை மாற்றக் கேட்டு ஒரு ஊர்வலம் அதே பாதையில் திரும்பியது. மாமா கீழே இறங்கியாகிவிட்டது. நான் சிவப்புத் துணியை ஆட்டி, "வெடி! வராதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தம்பட்டச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நானும் கொடி பிடிக்கிறேன் என்று நினைத்து இரண்டு பேர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

ஊர்வலத்துக்கு முன்னால் போன எங்கள் ஊர் நாகபூஷணம் வெங்கடசாமியைப் பார்த்துவிட்டான். "எங்க ஊர்ல உனக்கு இன்னாடா வேல? மாட்ட வுட்டு நவுரு!" வெங்கடசாமி வாயே திறக்கவில்லை. திறந்தால் அந்தப் பதற்றத்தில் தெலுங்குதான் வரும். கொடிக்கம்பு அவன் தோளில் இறங்கியது. இடது கை துவண்டு தொங்கியது. வலது கை மட்டும் வடத்தின் மேலேயே இருந்தது.

கிணற்றிலிருந்து திரி எரியும் நாற்றம் வந்தது. "கீழ ஆள் கீது! ஓட்டு வெங்கடசாமி, ஓட்டு!" என்று நானே அலறினேன். அவன் அசையவில்லை. மாமா செத்தார், அக்காள் தாலி போச்சு என்றே நினைத்தேன். மாடுகள் மிரண்டு தலையை ஆட்டின. அடுத்த அடிக்குக் கம்பு ஓங்கியது.

வடம் ஆடியது.

கூட்டத்துக்குள்ளேயே மாட்டை ஓட்டினான். விலகாதவர்கள் விழுந்தார்கள். மாமா விளிம்பைப் பிடித்து ஏறி, நாலு கால் பாய்ச்சலில் ஓடிவந்து குப்புற விழுந்தார். பின்னாலேயே பூமி அதிர்ந்து கல் பறந்தது. ஊர்வலம் போன இடம் தெரியவில்லை.

வெங்கடசாமிக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. புத்தூரில் கட்டுப் போட்டு எங்கள் வீட்டிலேயே படுக்கவைத்தோம். அக்காள்தான் சோறு ஊட்டினாள். அவன் எழுந்திருக்கும்வரை மாமா எந்தக் கிணற்றுக்கும் போகவில்லை.

அடுத்த வேலை சத்தியவேட்டுப் பக்கம் வந்தது. கிணற்றடிக்குப் போனதும் வெங்கடசாமி வடத்தைத் தொட மறுத்துவிட்டான்.

"நான் எறங்கறேன் மேஸ்திரி. வெடி எப்ப வெடிக்கும்னு எனக்குத் தெரியும். மேல வர்ற மனுசங்க எப்ப வெடிப்பாங்கன்னுதான் தெரியல."

மாமா அவன் தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மூடாத அந்தக் கையால் வடத்தைப் பிடித்து மாட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

வெங்கடசாமி பலகையில் உட்கார்ந்தான். இறங்குவதற்கு முன் தலையைத் தூக்கி, "மேஸ்திரி, பயமா கீதா?" என்று கேட்டான்.

"உந்திரா" என்று அவன் தெலுங்கிலேயே ஒப்புக்கொண்டார் மாமா.

"அப்ப சரி" என்று சொல்லி அவன் இறங்கினான்.