இரைச்சலைத் துடைத்த பிழை

தவிசாளர் என் ஸ்ரூடியோவுக்குள் கால் வைத்தபோது, முன்னறை ஸ்பீக்கரில் அவரையே நக்கலடிக்கும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பாடியவள் தர்சினி. தவிசாளருடைய பிரதேச சபையிலேயே கடிதம் ரைப் பண்ணும் எழுதுவினைஞர். வல்வெட்டித்துறைப் பெடியள் மூன்று பேரோடு சேர்ந்து எட்டுப் பாட்டில் ஓர் அல்பம் பதிய என்னிடம் வந்தாள். எல்லாம் அரசியல் நையாண்டி. தகரக் கூரையில் தேங்காய்க் குலை விழுவதுபோல் ஒரே சத்தம். அதற்கு நொய்ஸ் ரொக் என்று பெயராம். முதல் நாளே ஒன்று சொன்னாள்.

“அண்ணை, என்ரை குரல் ஆருக்கும் பிடிபடக்கூடாது. கிட்டார் இரைச்சலுக்குள்ளை தாட்டு விடுங்கோ. தெரிஞ்சால் என்ரை வேலை போயிடும்.”

ஓம் என்றுதான் சொன்னேன். ஆனால் முப்பது வருஷம் கோயில் பாட்டுப் பதிந்த கை சும்மா கிடக்குமா? கீரிமலையில் பதிந்த தேவாரத்தில் கடற்காற்றையே துடைத்தவன் நான். தவிசாளர் வந்த அன்று மத்தியானம், அவளுடைய மதகுப் பாட்டில், மூலத்தைத் தொடாமல் ஒரு கொப்பி எடுத்து, நொய்ஸ் முழுவதையும் துடைத்தேன். ‘ஒரு மதகுக்கு மூன்று திறப்பு விழா, ஓடத்தான் தண்ணி இல்லை’ என்ற வரி சொல் சொல்லாய்க் கேட்டது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டேன். மிக்ஸ் நன்றாக வந்தால் தெருவுக்கும் கேட்கப் போடுவது எங்கள் ஸ்ரூடியோ வழக்கம். மடையன் வேலை.

தேர்தல் அறிவிப்புப் பதிய வந்த தவிசாளர், நிறுத்தப்போன என் கையை மறித்துவிட்டு முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். பழைய தவிசாளரை நன்றாகக் கிழித்திருக்கிறார்களாம். அந்த மூன்று விழாவில் இரண்டுக்கு நாடா வெட்டியவர் இவர்தான்!

“பாடின பிள்ளை ஆர் அண்ணை? குரல் எங்கையோ கேட்ட மாதிரிக் கிடக்கு.”

“கொழும்புப் பிள்ளை சேர்.”

பொய் தானாகவே வாயில் வந்தது. பிரசாரத்துக்குப் போட ஒரு கொப்பி வேண்டும் என்றார். அவர் அறிவிப்புத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், துடைத்த கொப்பியை அழித்தேன். இரைச்சலோடு இருந்த மூலப்பதிவைப் போட்டு, இதுதான் வெளியே போகும் பாட்டு என்றேன். பத்துச் செக்கன் போகவில்லை, காதைப் பொத்திக்கொண்டு, தனக்கு உது வேண்டாம் என்றார். அப்பாடா! நல்லூர்க் கந்தன்தான் காப்பாற்றினான்.

அவர் போன பிறகு தர்சினிக்குப் போன் எடுத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நன்றாகத் திட்டினாள். எனக்கு அது வேண்டியதுதான்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, வாடிக்கையாளர் இரைச்சல் கேட்டால் இரைச்சலையே கொடுங்கள். அது எதற்கு என்று அவருக்குத் தெரியும்.

அதற்கடுத்த திங்கட்கிழமை தவிசாளர் தர்சினியை மேசைக்குக் கூப்பிட்டு, பழைய ஆளைக் கிழித்து ஒரு கொழும்புப் பிள்ளை பாடியிருக்கிறாள், கட்டாயம் கேள் என்றாராம். இவள், “ஓம் சேர், கேக்கிறன்” என்று சொல்லிவிட்டு, அவருடைய அடுத்த திறப்பு விழா அழைப்பிதழை ரைப் பண்ணப் போனாளாம்.