இடது பக்கம் சாய்ந்த பிரபஞ்சம்

வானியல் நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தும் அக்கா ஒரு முறைகூடத் தொலைநோக்கியில் கண் வைத்ததில்லை. தொலைநோக்கி மலைமேல் இருந்தது. அக்காவின் அறை ஊருக்குள், இரண்டாம் மாடியில், கழிவறைக்கு அடுத்து. அங்கிருந்து நட்சத்திரம் தெரியாது. எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி நன்றாகத் தெரியும். பதவியின் பெயர் அளவையாளர். ஆனால் வாயிற்காவலரிலிருந்து, அவரைவிட ஒரு வயது மூத்த இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான்.

வேலை இதுதான். மலையிலிருந்து சுருள் விண்மீன் மண்டலங்களின் படங்கள் அச்சாகி வரும். படத்தின்மேல் டிரேசிங் தாளை விரித்து, நடுவிலிருந்து கிளம்பிச் சுற்றிக்கொண்டே வெளியே போகும் கைகளைக் கூரான பென்சிலால் வரைய வேண்டும். கை எவ்வளவு இறுக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று பாகைமானி வைத்து அளக்க வேண்டும். கடைசியாக, அது இடப்பக்கம் வளைகிறதா வலப்பக்கமா என்று ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும். நாளைக்கு ஐந்து படம். சில படங்களில் கைகள் பளிச்சென்று இருக்கும். பலவற்றில் பாலில் விழுந்த மயிர்போல ஏதோ நெளியும். அதைக் கை என்று நம்ப வேண்டும். பட்டியல் எண்கள் மண்டையில் ஏறாததால் அக்கா எல்லாவற்றுக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தார்: கிழிந்த குடை, சாக்கடை மூடி, மாமியார் கொண்டை.

அந்தக் கைகள் கைகளே அல்ல என்பதை ஒரு கருத்தரங்கில் இயக்குநர் பலகையில் எழுதி விளக்கினார். உள்ளே இருக்கும் நட்சத்திரங்கள் சீக்கிரம் சுற்றி வந்துவிடும், வெளியே இருப்பவை தாமதமாக வரும். கை என்பது நிஜமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருளானால், நாலு சுற்றில் நூல்கண்டாய் இறுகிக் காணாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆகவே கை என்பது ஒரு நெரிசல். நட்சத்திரங்கள் அதற்குள் நுழைகின்றன, கொஞ்சம் தயங்குகின்றன, வெளியேறுகின்றன. வாயு அங்கே நசுங்கிப் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன. அவற்றில் மிகப் பிரகாசமானவை வெளியே வருவதற்குள் செத்தும் விடுகின்றன. அதனால்தான் நெரிசல் இருக்கும் இடம் வெளிச்சமாகத் தெரிகிறது.

இயக்குநர் ஒன்றே கால் மணி நேரம் சொன்னது அக்காவுக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது, பேருந்து ஓட்டுநரான கணவருக்குப் புரிந்துவிட்டது.

"நம்ம பாலத்து நெரிசல்தானே?" என்றார் அவர். "காலைல என்கூட மாட்டுன வண்டி ஒண்ணுகூட சாயங்காலம் அங்க இருக்காது. ஆனா நெரிசல் அதே எடத்துல நிக்கும். இதுக்கா பலகையெல்லாம்?"

இடது வலது விவகாரம் அதைவிட எளிமையானது. முன்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கம் வளையும் சுருள், பின்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கம் வளையும். பிரபஞ்சத்துக்கு நாம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்ற கவலை கிடையாது. எனவே பாதி இடதாகவும் பாதி வலதாகவும் இருப்பதுதான் நியாயம். ஆனால் அக்கா முப்பத்தோராயிரம் படங்களை முடித்தபோது இயக்குநர் கூட்டிப் பார்த்தார். நூற்றுக்கு ஐம்பத்திரண்டுக்கும் மேல் இடது. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். அத்தனை படங்களில் அது தற்செயலாக வர வாய்ப்பே இல்லை. பிரபஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இயக்குநர் இரண்டு நாள் அதையே திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் அக்காவைக் கூப்பிட்டு, கட்டுரையில் அவர் பெயரும் ஆசிரியர் பெயர்களில் ஒன்றாக அச்சாகும் என்றார்.

அக்காவின் பெயர் அதுவரை அச்சானது கல்யாணப் பத்திரிகையில் மட்டும். அதிலும் ஓர் எழுத்து பிழை. கணவர் அன்று மாலையே வரவேற்பறைச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். கட்டுரையின் முதல் பக்கத்துக்குச் சட்டம் போட்டு மாட்ட.

அப்போதுதான் ஆராய்ச்சிக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். முனைவர் பட்டம் வாங்கிய கையோடு வந்ததால் அவளைச் சின்ன டாக்டர் என்றார்கள். மரியாதையான பெண். மேலும் நாலாயிரம் படங்கள் இருக்கின்றன, அளக்க வேண்டாம், இடதா வலதா என்று மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டாள். நாளைக்கு அறுபது வீதம் அக்கா குறித்துக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் மாமியார் கொண்டை வந்தது. கொண்டையின் வலப்பக்கம் பூ வைத்ததுபோல ஒரு நட்சத்திரம் இருக்கும். இதில் அது இடப்பக்கம் இருந்தது. அக்கா படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். பழைய படத்தையே கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். எதற்கென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிரபஞ்சம்தான் சாய்ந்திருக்கிறது என்றால், மாற்றிய படங்களில் வலதுதான் கூடுதலாக வர வேண்டும். அப்போதும் இடதே கூடினால், சாய்ந்திருப்பது வேறு ஏதோ.

அலமாரியைத் திறந்து கிழிந்த குடையின் டிரேசிங் தாளைத் தேடி எடுத்தார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வரைந்தது. குடை மங்கலான மண்டலம்; அன்று அரைமணி நேரம் குழம்பி, இடது என்று குறித்திருந்தார். அதன் மாற்றிய படத்தை நேற்றுதான் பார்த்திருந்தார். அதையும் நேற்று இடது என்றே குறித்திருந்தார். தாளைப் புரட்டி நேற்றைய படத்தின்மேல் வைத்தார். பழைய பென்சில் கோடு வலப்பக்கம் போயிற்று. அவர் கண் இடப்பக்கம் போயிற்று. ஒரே குடை, இரண்டு பக்கமும் இடது. விளக்கை மேசையின் மறுபக்கம் நகர்த்திப் பார்த்தார். ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இடது.

வீட்டில் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னார். கணவர் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தன படம் சந்தேகமா வரும்?"

"இருபது இருக்கும்."

"அதுல நாலஞ்ச வலதுன்னு போட்டு விடேன். யாரு வந்து பாக்கப் போறா?"

"போடலாங்க. ஆனா பாக்கும்போது இடதாத்தானே தெரியுது. தெரியாதத எப்படி எழுதுறது?"

"இருபத்தாறு வருஷமா தெரியாதததான் எழுதிட்டு இருந்திருக்க" என்றார் கணவர். கேலியாகச் சொன்னதுதான். சொல்லிவிட்டு, எழுந்து இரண்டு தட்டையும் அவரே கழுவினார்.

மீதியிருந்த இரண்டரை மாதமும் அக்கா கண்ணுக்குத் தெரிந்ததையே குறித்தார். படம் மாறியிருக்கிறது என்று தெரியும், கண் சாய்கிறது என்று தெரியும், அப்படியும் சாய்ந்தது. மூன்று முறை பென்சில் வலது கட்டத்துக்கு மேல் போய் நின்றது. மூன்று முறையும் திரும்பி வந்தது. நேர்மையால் ஒரு மனிதருக்கு விளையக்கூடிய கெடுதல் அத்தனையும் அந்த நாலாயிரம் கட்டங்களில் ஒழுங்காக நிரப்பப்பட்டது.

முடிவு வந்தது. மாற்றிய படங்களிலும் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு இடது. பிரபஞ்சம் நேராகத்தான் இருந்தது. சின்ன டாக்டர் மன்னிப்புக் கேட்கும் குரலில் விளக்கினாள். மங்கலான சுருளை ஒரு பக்கமாகப் பார்ப்பது நிறையக் கண்களுக்கு உண்டாம், அக்காவின் தவறு இல்லையாம். அக்கா தலையாட்டிக்கொண்டிருந்தார். தனக்கு மூன்றாம் நாளே தெரியும் என்று சொல்லவில்லை. சொன்னால், தெரிந்தே குறித்தது என்று சோதனை செல்லாமல் போகும், பாவம், அந்தப் பெண்ணின் மூன்று மாத உழைப்பு வீண்.

"எதிர்பார்த்தது கிடைக்கலன்னாலும் அதுவும் ஒரு முடிவுதான் அக்கா" என்றார் இயக்குநர். விஞ்ஞானிகள் எல்லோரும் இதைச் சொல்வார்கள், அடுத்தவர் முடிவைப் பற்றி.

கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் இரண்டு பேர். நான்காம் பக்கத்தில் 'பார்வையாளரின் இடச்சாய்வு' என்று ஒரு பத்தி இருந்தது. அதில் பார்வையாளருக்குப் பெயர் இல்லை. வரவேற்பறை ஆணியில் கணவர் தன் மழைக் குடையை மாட்டினார்.

அடுத்த ஆண்டு படங்களைப் பார்க்க ஒரு கணினி வந்தது. ஐந்து படத்துக்கு அக்கா எடுத்துக்கொண்ட ஒரு நாளில் அது ஐம்பதாயிரம் படம் பார்த்தது. சுருளை அடையாளம் காண அதற்கு எதையாவது காட்டிப் பழக்க வேண்டுமே, அலமாரியிலிருந்த முப்பத்தோராயிரம் டிரேசிங் தாள்களையும் காட்டிப் பழக்கியிருந்தார்கள். பழகியது. அதுவும் இடப்பக்கம் சாய்ந்தது. தாள்களைத் திருத்தி மறுபடி பழக்குவதற்கு ஆள் இல்லை. வருகிற எண்ணிலிருந்து அந்தச் சாய்வைக் கழித்துவிடுவது சுலபம் என்று முடிவாயிற்று. கழிக்க வேண்டிய எண்ணுக்குச் சின்ன டாக்டர் ஏதோ கிரேக்க எழுத்து வைத்தாள். யாரும் அந்த எண்ணை அந்தப் பெயரால் சொல்லவில்லை.

அக்காவின் அறையில் இப்போது கணினி இருக்கிறது. ஓய்வுபெற இன்னும் பதினெட்டு மாதம் இருப்பதால் மூலையில் அக்காவும் இருக்கிறார். வேலை ஒன்றுதான்: மாலையில் அந்த எண் கழிக்கப்பட்டதா என்று பார்த்து ஒரு கட்டத்தில் குறிப்பது. ஐந்து மணிக்குச் சின்ன டாக்டர் படிக்கட்டிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"அக்காவக் கழிச்சாச்சா?"

"கழிச்சாச்சும்மா" என்று சொல்லிவிட்டு, அக்கா கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொள்வார். பாலத்தில் நெரிசல் ஆரம்பித்திருக்கும்.