பெயரில்லாமல் இருந்த படம்

பாரிஸ் லா சப்பலில், தமிழ்க் கடையொன்றில் முருங்கைக்காய் பார்த்து எடுத்துக்கொண்டு நின்றபோதுதான் கேள்விப்பட்டேன். "பிள்ளை, தேவண்ணை விடிய மோசம் போயிட்டாராம்," என்றார் கடைக்காரர். தேர்த் திருவிழாவில் வடத்தின் முன்முனையில் நின்ற தேவராசா அண்ணையை எங்களில் அறியாதவர் இல்லை. திருவிழா முடிந்ததும் அவர் எங்கே போவார் என்பதை மட்டும் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டதில்லை.

ஷம்பாஞ் கிராமங்களுக்கு, வைன் திராட்சை வெட்டப் போவார். 2009இல் போர் முடிந்தபின் இங்கு வந்தவருக்கு முதலில் கிடைத்த வேலை அது. விரதகாரர், கோயில் சபையிலும் இருந்தவர். அறுவடையும் தேரும் ஒன்றாக வந்த ஒரு வருடம், வடம் பிடிக்குமுன் கைகளில் காய்த் திராட்சையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "பழத்தின்ர கறையைக் காய்தான் எடுக்கும், பிள்ளை," என்றார். பிறகும் விரலிடுக்கில் கருமை இருந்தது. சால்வையால் மூடிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான். வேலை கிடைத்ததோ அதே திராட்சைப் பகுதியின் வரலாற்று அருங்காட்சியகத்தில். அறுவடைக் கூடத்துக்கு ஒரு தோட்டக்காரர் கொடுத்த படத்தில், கூடையோடு தேவண்ணை சிரித்துக்கொண்டு நின்றார். பெயர் போடலாமா என்று அவரிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"ஐயோ, வேண்டாம். குடிவகைக்குப் பழம் வெட்டுறவன் எண்டு சபையில அறிஞ்சால் வடத்தைத் தொட விடமாட்டினம்."

படத்தின் கீழ் 'தமிழ்த் தொழிலாளி' என்று மட்டும் எழுதினேன்.

பிறகு தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளோடு பெற்றோரும் சபையினரும் பஸ்ஸில் பார்க்க வந்தார்கள். அவரும் வந்தார். வைன் பீப்பாய்களைக் கண்டதும் சபைக்காரர் ஒருவர், "அண்ணை, தீர்த்தம் வேணுமோ?" என்று பகிடி விட்டார். படத்தின் முன் வந்ததும் அதே சபைக்காரர், "இது உங்களைப்போலக் கிடக்கு," என்றார்.

தேவண்ணை என்னைப் பார்த்தார்.

"பெயர் தெரியாது," என்றேன்.

"ஓம், ஆரோ பாவம்," என்றார் தேவண்ணை.

அது அவர்தான் என்று சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தலையாட்டினோம்.

செத்தவீட்டில் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டுத் திராட்சை வெட்டும் கத்தரியைக் கையில் வைத்தார். "இதையும் அங்கை வை. பெயரையும் போடு, பிள்ளை. இனி ஆர் அவரிட்டை வடத்தைப் பறிக்கப் போகினம்?" சபைக்காரர்கள் தலை குனிந்துகொண்டார்கள். நானும்.

இப்போது படத்தின் கீழ் பெயர் இருக்கிறது, பக்கத்தில் கத்தரி. என்னிடம் இருப்பது அந்த 'ஆரோ பாவம்' மட்டும். படத்தின் முன் நின்று யாராவது இவர் யார் என்று கேட்டால், முதலில் அந்தக் குரல்தான் எனக்குக் கேட்கிறது. பிறகுதான் பெயரைச் சொல்கிறேன்.