சாய்ந்த வண்டியும் நிமிர்த்திய படங்களும்

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் வண்டியில் எனக்கு அது ஆறாவது வருஷம். பஸ் அளவு வண்டி. உள்ளே ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், உடை மாற்ற ஒரு திரை, அவ்வளவுதான். காசநோய் இருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களின் ஊருக்கே நாங்கள் போய்விடுவோம். நாங்கள் என்றால் நானும் டிரைவரும். நான் படம் எடுத்து அனுப்புவேன், நாமக்கல்லில் இருக்கும் டாக்டர் பார்த்து முடிவு சொல்வார். மாதத்தில் இரண்டு மூன்று முறை கொல்லிமலைக்கு முறை வரும்.

டிரைவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முன்பு தனியார் பஸ் ஓட்டியவர். எங்களுக்குள் சண்டை கிடையாது, பேச்சும் அதிகம் கிடையாது. மலை ஏறும்போது அவர் முன்னால் இருப்பார், நான் பின்னால் மெஷின் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். எழுபது வளைவும் முடிந்து வண்டி நின்றதும் "வந்தாச்சு மேடம்" என்பார். அதுதான் அநேகமாக அன்றைய முதல் பேச்சு.

ஒருமுறை அவர் ஆபீசில் சொன்னார், வளைவில் திரும்பும்போது வண்டி இடப்பக்கம் சாய்கிறது என்று. பின் பக்கத்தைப் பார்க்கவேண்டும், ஒர்க் ஷாப்புக்கு விடுங்கள் என்றார். ஆபீசில் என்னைக் கேட்டார்கள். "பெரிசா ஒண்ணும் தெரியலைங்க" என்று சொல்லிவிட்டேன். வண்டி ஒர்க் ஷாப்புக்குப் போனால் இரண்டு வாரம் முகாம் கிடையாது. ஊர் ஊராகப் பேசி வைத்த தேதியெல்லாம் மறுபடி பேசவேண்டும். அதோடு, மலை டூட்டியைத் தட்டிக்கழிக்கப் பார்க்கிறார் என்று ஒரு நினைப்பும் எனக்கு இருந்தது. 

உண்மையில் எனக்குத் தெரியும். அப்போதே சில நாளாகப் படங்களில் எல்லோருடைய தோளும் ஒரே பக்கம் இறங்கியிருந்தது. மனிதர்கள் நேராகத்தான் நின்றார்கள், அவர்கள் நெஞ்சை வைத்த தட்டுதான் வண்டியோடு சேர்ந்து சாய்ந்திருந்தது. கம்ப்யூட்டரில் படத்தைக் கொஞ்சம் திருப்பினால் தோள் நேராகிவிடும், ஒரு நிமிஷ வேலை. டாக்டருக்கு அப்படி நிமிர்த்திய படங்களைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

சில வாரம் கழித்து ஒருநாள், கொல்லிமலையில் அரியூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் ஒரு சமுதாயக் கூடத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தியிருந்தோம். மரவள்ளி பிடுங்குகிற சமயம். அந்த வேலையை விட்டுவிட்டு இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஆறாவதாக ஏறியவள் பக்கத்தில் ஒரு வீட்டுக் கட்டடத்தில் சித்தாளாக வேலை செய்பவள். முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று வாரமாக இருமலாம், சிமெண்டுத் தூசியாக இருக்கும் என்று அவளே சொன்னாள். தட்டில் நெஞ்சை ஒட்டி வைத்து, தோளை முன்னால் தள்ளச் சொல்லிவிட்டு நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன்.

வண்டிக்கு அடியில் புஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். என் காலுக்குக் கீழே தரை இடப்பக்கமாக இறங்கியது. மேசையிலிருந்த பேனாவும் நோட்டும் உருண்டு விழுந்தன. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. சரிந்துபோய்க் கதவின் இரும்புச் சட்டத்தில் முழங்கையை இடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, வண்டி எறங்கீருச்சுங்க" என்றாள் நிதானமாக. நான் டாக்டர் இல்லை என்று அதற்கு முன் இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

கையை மடக்கி நீட்டச் சொன்னேன். எலும்பில் ஒன்றும் இல்லை, வீங்க மட்டும் ஆரம்பித்திருந்தது. ஈரத்துணி சுற்றிவிட்டு அவளை இறக்கினேன். டிரைவர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தார். இடது சக்கரத்துக்கு மேலே வண்டியின் விளிம்பு டயரைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தது.

வரிசையில் நின்ற ஒருவர், "மலையில ஏதுங்க சமதரை? மண்ணு அமுங்கியிருக்கும்" என்றார். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன்.

"தரைதான் போல இருக்கு. கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பாக்கலாமாண்ணா?"

"தரை இல்லீங்க மேடம்" என்றார் டிரைவர், என்னைப் பார்க்காமல்.

நான் மறுபடி தரை என்றேன். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நின்ற அந்தச் சித்தாள், "ஏனுங்க, இதுக்கு என்னத்துக்குப் பேச்சு? டியூப்புல தண்ணி ஊத்திப் பாத்தாத் தெரிஞ்சுரும்" என்றாள். வேலை நடக்கிற இடத்துக்குப் போய், கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் டியூப்பை எடுத்துவந்தாள். ஒரு முனையை டிரைவர் இடது சக்கரத்தருகே பிடித்தார், மறு முனையை அவள் வலது பக்கம். இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற உயரத்தைத் தரையிலிருந்து அளந்தாள். அரை விரக்கடை, அரை விரல் அகலம்தான் வித்தியாசம். அடுத்து அதே தண்ணீர் மட்டத்திலிருந்து வண்டியின் கீழ் விளிம்புக்கு அளந்தாள். இடப்பக்கம் நாலு விரக்கடைக்கு மேல் இறங்கியிருந்தது.

"தரை நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள்.

டிரைவர் என்னிடம் நேராகப் பேசியது அப்போதுதான். "இந்த வண்டிக்கு லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங் கிடையாதுங்க மேடம். ரப்பர் பைக்குள்ள இருக்கிற காத்துதான் தாங்குது. வண்டி தாழ்ந்தா அதுவே காத்து ஏத்திக்கும், ஒசந்தா எறக்கிக்கும். எந்த ஒசரத்துல நிக்கோணும்னு அதுக்குச் சொல்றது பக்கத்துக்கு ஒரு வால்வு. ஒண்ணொண்ணாப் பாத்துப்போடலாம்."

இன்ஜினை ஓடவிட்டு காற்று மீட்டரைப் பார்த்தார். முள் ஏறவேண்டிய அளவுக்கு ஏறி நின்றது, காற்று தயாராவதில் குறை இல்லை. சோப்புத் தண்ணீர் கேட்டார். நான் கரைத்துக் கொடுத்தேன். ஒரு குச்சியில் துணி கட்டி, வெளியிலிருந்தே எட்டி ரப்பர் பைமேல் பூசினார். ஒரு குமிழிகூட வரவில்லை, பை கிழியவில்லை. ஆனால் புஸ்ஸென்ற சத்தம் மட்டும் மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தவர் அப்படியே இருந்தார். எழுந்திருக்கவே இல்லை.

"என்னண்ணா?"

"வால்வுல இருந்து அச்சுக்கு ஒரு கம்பி போகும் மேடம். அதோட முனை கழண்டு தொங்குது. வால்வோட கை கீழ விழுந்திருச்சு. வண்டி ரொம்ப ஒசந்திருச்சுன்னு நெனச்சுட்டு காத்தை எல்லாம் வெளிய விடுது."

"அது எப்படிக் கழண்டது?"

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த முனை போயி ரெண்டு மாசமாச்சுங்க. நான்தான் கட்டுக்கம்பி போட்டுக் கட்டிவெச்சேன். கம்பி நழுவ நழுவ வண்டி சாஞ்சுட்டே வந்துச்சு. வாராவாரம் முறுக்கிவிடுவேன். இன்னிக்கு அறுந்துபோச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆபீசுல சொன்னேன். யாருக்கும் ஒண்ணும் தெரியலைன்னுட்டாங்க. அப்பறம் சொல்லலை" என்றார்.

ஒண்ணும் தெரியலை என்று சொன்னது யார் என்று அவருக்குத் தெரியும். பெயர் வைத்துச் சொல்லவில்லை. நான் வண்டிப் படியில் உட்கார்ந்தேன். "எனக்கும் தெரியும்ணா. படமெல்லாம் சாஞ்சு வந்துச்சு. நான் கம்ப்யூட்டர்ல திருப்பித் திருப்பி நேராக்கி அனுப்பிட்டு இருந்தேன்" என்றேன். அவர் டார்ச்சை அணைத்தார். பிறகு, "ரெண்டு பேருமா சேந்து மறைச்சிருக்கறோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வந்தவர்களைத் திருப்பி அனுப்ப அவருக்கும் மனமில்லை, எனக்கும் மனமில்லை. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, நீளக் குச்சியால் அந்த வால்வின் கையை மேலே தூக்கிப் பிடித்தார். பின்பக்கம் மெதுவாக, படுத்திருந்த மாடு பின்னங்காலை ஊன்றி எழுவது போல எழுந்தது. சித்தாள் தன் மேஸ்திரியிடம் கேட்டு, கான்கிரீட் போடும்போது முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங் கட்டைகள் கொண்டுவந்தாள். இரண்டு பக்கமும் வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே அடுக்கி, டியூப்பில் மட்டம் பார்த்து, ஒரு மெல்லிய பலகையை இடையில் செருகிச் சரிசெய்தாள். வண்டியின் பாரம் கட்டையில் உட்கார்ந்த பிறகுதான் டிரைவர் அடியில் போனார். கழன்ற முனையை எடுத்துவந்து என்னிடம் காட்டினார். கட்டைவிரல் அளவு கூட இல்லை.

அவர் மேஸ்திரியின் பைக்கை வாங்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கிற இடம் தேடிப் போனார். நாமக்கல்லில் ஸ்பேர் கடை ஒன்றுக்குப் பேசி, புதுக் கம்பியை மலைமேல் செம்மேட்டுக்கு வருகிற பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னார். நான் மறுபடி படம் எடுக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்தச் சித்தாளைத்தான் நிற்கவைத்தேன். படம் திரையில் வந்தபோது தோள் இரண்டும் நேராக இருந்தன. திருப்பவேண்டிய வேலையில்லை. நுரையீரலின் உச்சி, கழுத்தெலும்புக்கு மேலே இருக்கிற அந்த மூலை, முழுசாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. படத்தைத் திருப்பினால் நான்கு மூலையும் கொஞ்சம் வெட்டுப்படும். காசநோய் முதலில் உட்காருகிற இடம் பெரும்பாலும் அந்த உச்சிதான். இரண்டு மாதமாக நான் என்ன வெட்டினேன் என்று எனக்குத் தெரியாது.

அன்று மிச்சம் இருந்தவர்கள் எல்லோருக்கும் எடுத்து முடித்தேன். சாயங்காலம் பஸ்ஸில் கம்பி வந்தது. டிரைவர் வலது பக்கக் கம்பியின் நீளத்தை அளந்து அதே அளவுக்கு இடது பக்கமும் திருகி மாட்டினார். கட்டைகளை எடுத்த பிறகு வண்டி தானாக ஒருமுறை மூச்சு விட்டு, நேராக நின்றது. கீழே இறங்கும்போது நான் முன்னால் அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். படங்களைப் பற்றிச் சொன்னேன்.

"அழிஞ்சுபோச்சுங்களா?"

"இல்லண்ணா. அசல் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு."

"அப்ப பாத்துப்போடலாம்" என்றார்.

மறுநாள் ஆபீசில் இருவரும் எழுதிக்கொடுத்தோம். அவர் கட்டுக்கம்பியைப் பற்றி, நான் படங்களைப் பற்றி. இருவருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. டாக்டர் திட்டவில்லை, "அசலை எல்லாம் அனுப்புங்க" என்று மட்டும் சொன்னார். இரண்டு மாதத்துப் படங்களையும் மறுபடி பார்க்க அவருக்கு ஒன்பது நாள் ஆனது. சித்தாளின் படத்தில் ஒன்றும் இல்லை, அவள் இருமல் தூசிதான். பழைய படங்களில் ஒன்றே ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். குண்டனி நாட்டில் ஒரு மிளகு விவசாயி. வலது உச்சியில் மங்கலாக ஒரு நிழல். நான் அனுப்பிய படத்தில் அதில் பாதி இல்லை.

போனில் சொல்லலாம் என்றார்கள். நான் நேரில் போகிறேன் என்றேன். டிரைவருக்கு அன்று லீவு, ஆனாலும் அவர்தான் கூட்டிப்போனார். அந்த மனிதர் வீட்டு வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். சளி பிடிக்கிற டப்பாவைக் காட்டி, பரிசோதனைக்குக் கொடுக்கவேண்டும் என்று சொன்னேன். முதலில் ஒன்றும் இல்லை என்று சொன்னீர்களே என்றார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வண்டி சாய்ந்ததையும், நான் படத்தைத் திருப்பியதையும், அதில் மூலை வெட்டுப்பட்டதையும்.

"அப்ப ரெண்டு மாசம் தாமசமுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. என்னாலதான்."

அவர் மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தார். "சரி, டப்பாவைக் குடுங்க" என்றார்.

அவர் மனைவிதான் விடவில்லை. உள்ளேயிருந்து வந்து, "பேரப்புள்ளைய இவுரு பக்கத்துலதானுங்க தெனமும் படுக்கவெக்கறோம். அப்பவே சொல்லியிருந்தா வெப்பமா?" என்று கேட்டாள். குழந்தையையும் சோதிக்கவேண்டும் என்று சொல்லி அதன் பெயரை எழுதிக்கொண்டேன்.  டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பரிசோதனையில் நோய் இருப்பது உறுதியானது. அவர் ஆறு மாதம் மாத்திரை விடாமல் சாப்பிட்டார். குழந்தையைச் சோதித்ததில் நோய் இல்லை, வராமலிருக்க மருந்து மட்டும் கொடுத்தார்கள். அது ஆறுதல்தான். ஆனால் அப்படி இல்லாமல் போயிருக்கவும் முடியும் என்பது எனக்குத் தெரியும். அவர் குணமான பிறகு, கடைசிப் படத்தை நான்தான் எடுத்தேன். மனைவியும் கூட வந்திருந்தாள்.  படம் எடுத்து முடிந்ததும் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "முழுசா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். நான் நகர்ந்து இடம் விட்டேன். அவள் குனிந்து, நான்கு மூலையையும் தானே பார்த்துவிட்டுப் போனாள்.